பலகாரத் தட்டு இருக்கட்டும், முதலில் ஷிப்டு அட்டவணையை எடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவின் பந்திங் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஏறத்தாழ இருநூறு பேர்: மலாய்க்காரர், தமிழர், சீனர், நேப்பாளத்தார், வங்காளதேசத்தார், கேரித் தீவிலிருந்து வரும் மாஹ் மெரி பழங்குடி இளைஞர் நால்வர். நீங்கள் மனிதவளப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லாப் பின்னணியினரையும் மதிக்கும் வேலையிடமாக மாற்ற மூன்று மாதத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்று மேலிடம் கேட்கிறது. கலாசார நாள், பாரம்பரிய உடை, ஆளுக்கொரு பலகாரத் தட்டு, நான்கு மொழிச் சுவரொட்டி என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். இது போதுமா என்பது கேள்வி.

போதாது. பலகாரத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. முறுக்கும் மலாய்க்காரரின் அரிசிப் பலகாரமான கெத்துப்பாட்டும் ஒரே மேசையில் இருந்தால் நானும் நின்று சாப்பிடுவேன். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நிற்பவர்களில் யார் அன்று இரவு ஷிப்டுக்குப் போகிறார்கள், யார் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். 1981இல் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லோரி நிறுக்கும் தராசுக் கொட்டகையில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து, ஆள்கணக்கு பார்த்து, கடைசியில் மனிதவளப் பொறுப்பில் இருந்து 2022இல் ஓய்வு பெற்றேன். எனவே புத்தகத்தில் உள்ளதைவிடப் பேரேட்டில் உள்ளதைப் பற்றித்தான் என்னால் அதிகம் சொல்ல முடியும்.

தோட்டத்தில் பலவகை மனிதர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பங்களாவில் வெள்ளைக்கார துரை. ஆபீசில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் கிராணிமார். வாசலில் ஜாகா என்னும் சீக்கியக் காவல்காரர். வடிகாலான கான் வெட்ட ஜாவாக்காரர். குத்தகை வேலைக்குச் சீனர். பால் வெட்டவும் புல் வெட்டவும் தமிழர். தமிழருக்குள்ளும் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணிகளில் யார் ஆள், எந்த லயம், எந்தக் கோயில் என்று ஆயிரம் கோடுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு குடியிருப்பு, ஒரு கூலி. ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டிய தேவையே வராதபடி அந்த ஏற்பாடு இருந்தது. துரைமார் மனித வேறுபாடுகளை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள், தம்பி. அதை வைத்துத்தான் தோட்டத்தையே நடத்தினார்கள்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. என் தாத்தா அதில் இருந்தவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளை ஒரு முறை தேடிப் படியுங்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. அடித்து வேலை வாங்கும் அதிகாரிகளை நீக்கிவிட்டுத் தமிழ் பேசத் தெரிந்தவர்களைப் போடுவது. பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது. உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக விடுவது. கள்ளுக்கடையை மூடுவது. இவற்றோடு இன்னொன்று: சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே துரையோ தோட்ட அதிகாரியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்து வேலைநிறுத்தத்தை அடக்கியது. தாத்தா கடைசிவரை கூலி உயர்வைப் பற்றிப் பேசியதைவிட அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். வேலைக்கு வந்தவன் எந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது? உங்கள் தொழிற்சாலையில் நீங்கள் தேட வேண்டியது அந்த இடங்களைத்தான். அவை சுவரொட்டியில் தெரியாது.

நான்கு பேரேடுகளை எடுத்து மேசையில் வையுங்கள்: கடந்த பன்னிரண்டு மாத ஷிப்டு அட்டவணை, விடுப்பு மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள், பதவி உயர்வுப் பட்டியல், விபத்துப் பதிவேடு. இரண்டு நாள் ஒதுக்கி, எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துப் படியுங்கள். பண்டிகைக்கு முந்தின இரவு யார் வேலை செய்தார்கள்? ஒரே பெயர் மூன்று பண்டிகைக்கும் வருகிறதா? பத்து ஆண்டாகப் பொறியை இயக்குபவர் இன்னும் பொறியை இயக்குபவராகவே இருக்க, மூன்று ஆண்டுக்கு முன் வந்தவர் மேற்பார்வையாளர் ஆனது எப்படி? அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை உங்களால் ஒரே வாக்கியத்தில் எழுதிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

விடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது அங்கேதான். செம்பனைக் குலை அதிகமாக வருவது ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. தீபாவளி வருவதும் அதற்குள்தான். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவித்து ஆட்டாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் விலை போகாது. ஆகவே தீபாவளி விடுப்பு என்றாலே ஆலை மேனேஜருக்கு முகம் கறுக்கும். மனிதர் கெட்டவர் இல்லை, மரம் பஞ்சாங்கம் பார்த்துக் காய்ப்பதில்லை. இதற்கு எங்கள் ஆலையில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நம் ஷிப்டைப் பார்ப்பார்கள், நோன்புப் பெருநாளுக்கு நாம் அவர்களுடையதைப் பார்ப்போம். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு, இருபது ஆண்டு நன்றாகவே ஓடியது.

இஸ்லாமிய ஆண்டு நம்முடையதைவிடப் பதினோரு நாள் குறைவு. பெருநாள் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து வந்து, 2004, 2005, 2006 மூன்று ஆண்டும் தீபாவளியை ஒட்டியே விழுந்தது. 2005இல் தீபாவளி நவம்பர் 1, பெருநாள் நவம்பர் 3. யார் யாருக்கு மாற்று? பெருநாளுக்குச் சொந்த ஊரான கிளந்தானுக்குப் பஸ் டிக்கெட் எடுத்தவர்கள் ஒரு பக்கம், எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் இருக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். காவலுக்கு இருந்த நேப்பாளத்து முன்னாள் ராணுவ வீரர்களையும், ஆலைக்குள் வேலை பார்த்த நேப்பாளத்துப் பையன்களையும் மூன்று இரவும் போட்டேன். அவர்களுக்கென்று இங்கே என்ன குடும்பமா, பண்டிகையா என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் இரவு காவல்காரர் ஒருவர் தராசுக் கொட்டகைக்கு வந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மலாயில்தான் பேசினார். கையில் ஒரு சிறு பொட்டலம். எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லி இனிப்பைக் கொடுத்துவிட்டு, தங்கள் ஊரில் இது திகார் என்றும், அதற்குச் சில வாரம் முன்னால் வரும் தசைன்தான் ஆண்டின் பெரிய பண்டிகை என்றும், ஏழு ஆண்டாக இரண்டுக்கும் விடுப்புக் கேட்டதில்லை என்றும் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்றேன். யாரும் எங்களிடம் கேட்டதில்லையே என்றார். நானும் விளக்கேற்றுகிறவள், அவரும் விளக்கேற்றுகிறவர். அவர் நெற்றியில் அன்று இருந்த திலகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த அட்டவணையில் இருந்தது என் கையெழுத்து.

2006க்கு முன்னேற்பாடாக ஒன்று செய்தோம். ஜனவரியிலேயே ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவரை அழைத்து, உங்களுக்கு விட முடியாத நாள் எது, விட்டுக்கொடுக்கக்கூடிய நாள் எது என்று கேட்டு எழுதினோம். விட முடியாத நாள் ஆளுக்கு ஒன்றுதான் என்று விதி. அக்டோபர் 21 தீபாவளி, 24 பெருநாள். தோட்டங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் குலை வெட்டை நிறுத்தி, இருந்த பழத்தை ஆட்டி முடித்து, கொதிகலனை அணைத்து, எப்படியும் செய்ய வேண்டிய பராமரிப்பை அந்த நாட்களோடு சேர்த்துவிட்டோம். மேனேஜர் முதலில் முடியாது என்றார். முந்தைய ஆண்டு அந்த வாரத்தில் வராமல் போனவர்களின் கணக்கை நான் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். நியாயத்தைப் பேசினால் தலையாட்டுவார்கள், கணக்கைக் காட்டினால் கையெழுத்துப் போடுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறை. அதில் ஐந்துதான் கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறப்பதற்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை, பெருநாளும் இல்லை, சீனப் புத்தாண்டும் இல்லை. அந்த ஆறில் எதையும் இருதரப்பும் ஒப்புக்கொண்டால் வேறு நாளாக மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு பிரிவில் உங்கள் கைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். பெரும்பாலான இடங்களில் போன ஆண்டுப் பட்டியலைத் தேதி மாற்றி அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள். மாஹ் மெரி இளைஞர்கள் நால்வரைச் சொன்னீர்களே, அவர்களுடைய முன்னோர் நாளான ஹரி மோயாங் அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. அவர்களிடம் வாய் திறந்து கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது மொழி. சுவரொட்டியை நான்கு மொழியில் போடுவது எளிது. பொறி நிற்காமல் ஓடும்போது கையை விடாதே என்பது யாருக்கு எந்த மொழியில் போய்ச் சேர்கிறது என்பதுதான் விஷயம். காலையில் மேற்பார்வையாளர் மலாயில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு "பஹாம்?" என்று கேட்பார். எல்லாரும் ஒரே குரலில் "பஹாம்!" என்பார்கள். பஹாம் என்றால் புரிந்தது என்று அர்த்தம். வங்காளதேசத்துப் பையனின் வாயில் அதற்கு ‘என்னைத் திட்டாதீர்கள்’ என்று அர்த்தம். புரிந்ததா என்று கேட்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். அவனோடு வந்தவர்களில் மொழி பிடிபட்ட ஒருவரை அழைத்துச் சொல்ல வையுங்கள், அதற்கு அவருக்கு ஒரு படித்தொகையும் கொடுங்கள். மொழிபெயர்ப்பு ஒரு வேலை, அதை இனாமாக வாங்குவது தோட்டக் காலத்துப் பழக்கம். நாற்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உங்களிடமும் இருக்கும். அதில் உள்ள தொழிலாளர் பிரதிநிதிகளின் பெயரைப் பாருங்கள். எல்லாரும் ஒரே மொழிக்காரராக இருந்தால் விபத்துப் பதிவேட்டில் இருப்பவர்கள் வேறு மொழிக்காரராக இருப்பார்கள். நான் பார்த்தவரை இது தப்பியதில்லை.

பெயர் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சம்பளச் சீட்டில் நம் பெயருக்குப் பின்னால் வரும் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொண்டு, வேலைக்கு வந்த பெண்ணை அவள் அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். நமக்கு எரிச்சலாக இருக்கும். நம்மை ‘கெலிங்’ என்று யாராவது இழிவாகச் சொன்னால் இரத்தம் கொதிக்கும். அதே நாம், பெயரும் ஊரும் உள்ள ஒரு வங்காளதேசத்து மனிதனை ‘பங்களா’ என்று கூப்பிட்டு வேலை சொல்வோம். (ஒரு காலத்தில் இந்த நாட்டில் சீக்கியரை எல்லாரும் வங்காளி என்றுதான் அழைத்தார்கள். அப்போதும் யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை.) பெயர் அட்டையில் அவரவர் கூப்பிடப்பட விரும்பும் பெயரைப் போடுங்கள். செலவு ஆளுக்கு இரண்டு ரிங்கிட்.

இங்கே நம் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மறைத்து என்ன பயன்? 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, தோட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறின. என் சித்தப்பா குடும்பம் போயிற்று. குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே பிறந்து இங்கேயே கிழவியானவர்களை நான் அறிவேன். பெர்மிட் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கிய வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று பெர்மிட்டில் வந்தவனைப் பார்த்து, இவனால்தான் சம்பளம் ஏறவில்லை என்கிறார்கள். வெளிநாட்டாரை மலிவாக இறக்கிச் சம்பளத்தைக் கட்டிவைப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைப் போடுபவன் அவன் இல்லையே. தமிழ் மேற்பார்வையாளரிடம் தமிழ்த் தொழிலாளிதான் அதிகம் திட்டு வாங்குகிறான் என்பதையும் நேர்காணலில் "எந்தத் தோட்டம்? அங்கே யார் ஆள்?" என்று சுற்றி வளைத்துச் சாதி தேடுவதையும் நானே காதால் கேட்டிருக்கிறேன். உங்கள் திட்டத்தில் மற்ற இனத்தாரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் நம்மவர்களே சிரிப்பார்கள்.

ஆள் எடுப்பதில் இரண்டு கேள்வி போதும். விளம்பரத்தில் மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டால், அந்த வேலையில் மாண்டரினில் யாரோடு பேச வேண்டும்? வாடிக்கையாளர் சீனாவில் இருந்தால் சரி. கிடங்கில் பெட்டி எண்ணுவதற்கு என்றால், வேறு எதற்கோ போட்ட வேலி அது. இரண்டாவது, முகவரியைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குகிறீர்களா? தோட்டம் விற்கப்பட்ட பிறகு மலிவு அடுக்குமாடிக்குப் பெயர்ந்த நம் பையன்கள் பலரின் விண்ணப்பம் நேர்காணல் வரைகூடப் போவதில்லை. காரணத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் யாரும் பதில் சொல்வதும் இல்லை. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் காட்டி வேறுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்துமே தவிரத் தனியார் முதலாளியை அல்ல என்பது நீதிமன்றங்களின் நிலை. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு நடப்பில் இருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அந்தப் பிரிவு ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையில் உள்ளதைத்தான் பேசுகிறது. வாசலில் விண்ணப்பத்தோடு நிற்பவன் அதற்குள் வரவில்லை. அவனுக்குச் சட்டம் இல்லாத இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தேன். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியலில் பிள்ளையைப் போட்டுவிட்டு அம்மா மரம் வெட்டப் போவார். அதன் சுத்தத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இருந்தது. இன்றைய தொழிற்சாலையில் அதுவும் இல்லை. மகப்பேறு விடுப்பு 98 நாள் ஆகியிருக்கிறது, நல்லது. 99ஆம் நாள் அவள் பிள்ளையை எங்கே விடுவாள், அவளை இரவு ஷிப்டில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை ஒட்டியிருப்பீர்கள், அது சட்டக் கட்டாயம். புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அதில் உள்ள பெயர் தொல்லை கொடுக்கும் மேற்பார்வையாளருடையதாகவே இருந்துவிட வேண்டாம்.

உணவறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் பொதுவான உணவு ஹலாலாக இருக்கட்டும், மாட்டிறைச்சி தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும், மரக்கறி ஒன்று தினமும் இருக்கட்டும், சூடாக்கும் அடுப்பு இரண்டு இருக்கட்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் நேரத்தைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுத்தால், அந்த நேர வேலை யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் பார்த்து அதற்கு ஈடு செய்யுங்கள். முணுமுணுப்பு பெரும்பாலும் மதத்தின் மேல் இருக்காது, கூடுதல் வேலையின் மேல் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆபீஸ் அலமாரியைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரின் பாஸ்போர்ட்டுகள் அங்கே பூட்டிக் கிடந்தால், கலாசார நாளைத் தள்ளிப் போட்டுவிட்டு அவற்றைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைத் தொடங்குங்கள். தொலைந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் பதினொரு அடையாளங்களில் ஒன்று. பயம் என்றால் தங்கும் விடுதியில் ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டி கொடுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும். 2020இல் இந்நாட்டின் இரு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் தடுத்து வைத்தது நினைவிருக்கலாம். அதன் பிறகுதான் வாங்குகிறவர்களின் கேள்வித்தாள் நீண்டது. உங்கள் மேலிடத்துக்குத் திடீரென்று பின்னணிகளின் மேல் மதிப்பு வந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் என்ன? எந்தக் காற்றில் வந்தாலும் கதவு திறந்திருக்கிறது, உள்ளே போங்கள்.

மூன்று மாதத்தில் எல்லாம் முடியாது. முதல் மாதம் பேரேடுகள். இரண்டாம் மாதம் ஆட்களோடு பேச்சு, ஆபீசுக்குக் கூப்பிட்டு அல்ல, தேநீர் வேளையில், விடுதி வாசலில், பஸ் நிற்கும் இடத்தில். மூன்றாம் மாதம் மேலிடத்திடம் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: மாற்ற வேண்டிய ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் செலவு, பொறுப்பேற்பவர் பெயர். கலாசார நாளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மேலிடத்துக்குப் புகைப்படம் வேண்டியிருக்கும். கூடாரம் கட்டவும் நாற்காலி தூக்கவும் வழக்கம்போல வங்காளதேசத்துப் பையன்களை மட்டும் அனுப்பாமல் பாருங்கள்.

அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை டிசம்பருக்குள் ஒட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் இரவு ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலுக்குப் போய், தசைன் எந்தத் தேதியில் வருகிறது என்று காவல்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.